முதல் காதலை எழுதும் முன் கூட்டாளியை எழுதுங்கள்

பள்ளிக்கூடப் பருவத்தை வைத்துக் கதையோ நாவலோ எழுதிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: "அந்தப் பிள்ளைக்குக் கூட்டாளி யாரு?" யாரை யார் காதலிக்கிறார்கள் என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கேட்டதும் ஒரு பெயர் வரும். அந்தப் பெயருக்குரிய ஆள் கதையில் என்ன செய்கிறார் என்று பார்த்தால், சீட்டு கொண்டுபோய்க் கொடுப்பார், "அவ உன்னத்தான்டா பாக்குறா" என்பார், காதல் முறிந்த அன்று தோளில் கை போடுவார். அவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், மத்தியானம் என்ன சாப்பிட்டார், கணக்கில் பாஸாவாரா, எதுவும் எழுதப்பட்டிருக்காது. இப்படிப்பட்ட கூட்டாளி இருக்கிற கதையில் காதலும் நம்பும்படி இருப்பதில்லை.

நான் கோவில்பட்டியில் பல வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுத்தவள். கதைகளும் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்தில் ஆர்வமுள்ள பிள்ளைகள் சிலர் கைப்பிரதியோடு வீட்டுக்கு வருவார்கள். டியூஷன் வீட்டு ஜன்னல் வழியாக நான் கண்டதைத்தான் அவர்களுக்கும் சொல்கிறேன். பதினாறு வயதில் காதலிக்கிற பெண், வாரம் முழுக்க அந்தப் பையனோடு பேசியது ஐந்து நிமிடம் தேறாது. அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித் தோழியிடம் பேச அவளுக்கு நாள் போதாது. காதல் வளர்கிற இடம் அந்தப் பேச்சுதான். அதனால் நட்புக்கு ஒரு சரடு, காதலுக்கு ஒரு சரடு என்று தனித்தனியாகத் திட்டமிட வேண்டாம். காதல் தொடங்கிய நாளில் நட்புக்கு என்ன நஷ்டம் என்று கேளுங்கள். இரண்டும் ஒரே கதையாகிவிடும்.

காதலைப் பாடுகிற நம் சங்க அகப்பாடல்கள் இதைத் தெரிந்தே செய்திருக்கின்றன. தலைவி வாய் திறக்காத இடத்தில் தோழி பேசுகிறாள். இரவில் வருகிறவனிடம் வழியில் உள்ள ஆபத்தைச் சொல்லி, கல்யாணம் செய்துகொள் என்று நெருக்குகிறாள். மகளின் வாட்டத்துக்குக் காரணம் முருகன் என்று நினைத்து வீட்டில் வேலன் என்கிற பூசாரியை அழைத்து வெறியாட்டு என்கிற சாமியாட்டம் நடத்தும்போது, உண்மையைப் போட்டு உடைக்கிறவளும் அவள்தான். குறுந்தொகையில் 'தோழி கூற்று' என்று குறிப்பு உள்ள பாடல்களை மட்டும் ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் யார் யாரிடம் பேசினால் கதை நகரும் என்பது கைக்குப் பிடிபடும். இன்னொன்றையும் கவனியுங்கள். தோழி, தலைவியை வளர்க்கிற செவிலித்தாயின் மகள் என்கிறது தொல்காப்பியம். இருவரும் ஒரே நிலையில் இருப்பவர்கள் அல்ல. தலைவிக்காக இவ்வளவும் பேசுகிறவளுக்குத் தனக்கென்று என்ன ஆசை இருந்தது என்பதைப் பாடல்கள் சொல்வதில்லை. நாவல் எழுதுகிற நமக்கு அங்கேதான் வேலை இருக்கிறது.

இனிச் சொல்வதற்கெல்லாம் ஒரு மாதிரிக் கதை வைத்துக்கொள்வோம். கற்பனைதான். 2005 ஜூனில் தொடங்குகிறது. கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளி. எட்டயபுரம் சாலையில் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஜெயராணி. டவுனிலேயே இருக்கிற பேச்சியம்மாள், பேச்சி. ஜெயராணியின் அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்கு, அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போகிறவர். பேச்சியின் அப்பா கடலை மிட்டாய்க் கடையில் பாகு காய்ச்சுகிறவர். வேறு பள்ளியில் படித்து, ஹாக்கி மட்டையோடு டியூஷனுக்கு வருகிற செல்வம்.

எந்த ஆண்டு, எந்த நேரம்

ஆண்டை முடிவு செய்யாமல் முதல் வரியை எழுத வேண்டாம். 1995 என்றால் கையெழுத்துதான் எல்லாம்: கடிதம், நோட்டின் கடைசிப் பக்கம், ஆட்டோகிராஃப் நோட்டு. எஸ்டிடி பூத்தில் போய்ப் பேசினால் பூத்துக்காரர் கேட்டுக்கொண்டிருப்பார். 2003இல் இன்கமிங் இலவசமான பிறகு மிஸ்டு கால் ஒரு மொழியாகவே ஆகிவிட்டது. ஒரு ரிங் என்றால் வீடு வந்து சேர்ந்தாயிற்று, இரண்டு ரிங் என்றால் நாளை டியூஷன் உண்டு. ஆனால் போன் அப்பாவின் சட்டைப் பையிலோ அண்ணன் கையிலோ இருக்கும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு நடக்கிற கதையில் பிள்ளைகள் ராத்திரி முழுக்கப் பேசலாம். அங்கே தவிப்பு வேறு மாதிரி: நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லை, ஸ்டேட்டஸை அவள் பார்த்துவிட்டாள், அம்மா ஸ்கிரீன் லாக் நம்பரைக் கேட்கிறாள். 1995இல் ஒரு வாரம் எடுத்துக்கொள்கிற திருப்பம் 2017இல் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

தேர்வும் அப்படித்தான். 2018 மார்ச் வரை பிளஸ் டூவுக்கு மொத்தம் 1200 மதிப்பெண். அதற்கப்புறம் 600. 2006இல் படிக்கிற பிள்ளை "ஐந்நூற்று எழுபது வாங்கிட்டேன்" என்று குதித்தால், அந்த வருடம் படித்த ஒவ்வொரு வாசகரும் புத்தகத்தை மூடிவிடுவார்.

ஆண்டு முடிவானதும் நேரப் பட்டியல் எழுதுங்கள். ஜெயராணிக்கு ஒன்று, பேச்சிக்கு ஒன்று, செல்வத்துக்கு ஒன்று. காலை எழுந்ததிலிருந்து படுக்கிறவரை. குடத்தை யார் தூக்குவது, பஸ் எத்தனை மணிக்கு, டியூஷன் எப்போது விடும், அடுத்த பஸ் எது, அதை விட்டால் என்ன ஆகும். எழுதி முடித்ததும், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாமல் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்கக்கூடிய நேரங்களை மட்டும் வட்டமிடுங்கள். ஒன்றிரண்டுதான் தேறும். நம் கதையில், முந்தின பேட்ச் வெளியே வருகிறவரை டியூஷன் வீட்டுப் படிக்கட்டில் காத்திருக்கிற பத்து நிமிடம். பிராக்டிகல் நெருங்கும்போது ஜெராக்ஸ் கடை. பரீட்சை முடிந்து, ஏப்ரலில் செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் தேர்.

அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடத்தில் பேச்சியும் பக்கத்தில் நிற்பாள். கதை முழுவதும் அந்தப் படிக்கட்டில் நடக்க வேண்டும் என்ற நெருக்கடி வந்தபிறகு, "அவர்கள் கண்கள் சந்தித்தன" போன்ற வரிகள் தானாக உதிர்ந்துவிடும். யார் எந்தப் படியில் உட்கார்ந்தார், யார் நகர்ந்து இடம் விட்டார் என்பதே சம்பவமாகிவிடும்.

நட்பைப் பொருளில் காட்டுங்கள்

"உயிர்த்தோழிகள்" என்று எழுதினால் வாசகர் தலையாட்டிவிட்டுப் போவார். அவர்கள் என்னென்ன கொடுத்து வாங்குகிறார்கள் என்று எழுதுங்கள். ஜெயராணிக்குப் படம் வரைய வராது. தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைப் பேச்சிதான் ரெக்கார்டு நோட்டில் வரைந்து கொடுப்பாள், பாகம் குறிப்பது மட்டும் ஜெயராணி. பதிலுக்கு ஜெயராணி ஊரிலிருந்து கம்மங்கூழோ வெள்ளரிப் பிஞ்சோ கொண்டுவருவாள். டிபன் பாக்ஸ் மாறும். தாவணி மாறும். பஸ்ஸுக்குச் சில்லறை யாரிடம் இருந்தால் அவர் கொடுப்பார். இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒருவர் பக்கம் எப்போதும் கொஞ்சம் பாக்கி இருக்கட்டும். சண்டை வருகிற அத்தியாயத்தில் அந்தப் பாக்கிதான் வாயில் வரும்: "உன் ரெக்கார்டு முழுக்க நாந்தானடி வரைஞ்சேன்."

நட்பில் முதல் விரிசலை எங்கே வைப்பது என்று தெரியாதவர்களுக்குப் பள்ளி நாட்காட்டியே உதவி செய்யும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து, ஜூனில் குரூப் பிரிப்பார்கள். ஐந்து வருடம் ஒரே பெஞ்சில் இருந்தவர்களில் ஒருத்திக்குப் பயாலஜி கிடைக்கும், இன்னொருத்திக்கு காமர்ஸ்தான் என்று சொல்லிவிடுவார்கள். பையன்கள் என்றால் ஒருவன் ஐடிஐ, ஒருவன் பாலிடெக்னிக். யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. பேசுவதற்கு இருந்த விஷயம் பாதியாகிவிட்டது, அவ்வளவுதான். அப்படிப் பிரிகிற நட்பு எழுதுவதற்கு மிக நல்லது. இதை எழுதுகிறவர்கள் குறைவு.

அடுத்து நான் சொல்லப்போவதை நிதானமாகப் படியுங்கள். தோழி வீட்டுக்கு வந்தால் எதுவரை வருவாள்? வாசல் வரையா, திண்ணை வரையா, அடுப்படி வரையா? தண்ணீர் எந்தப் பாத்திரத்தில் வரும்? அவள் போனபின் அந்தப் பாத்திரத்தை அம்மா எங்கே வைப்பாள்? எங்கள் பக்கத்தில் பள்ளி நட்பை எழுதுகிறவர் இதைத் தாண்டிப் போக முடியாது. 2023இல் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. கயிற்றின் நிறத்தைப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலேயே தெரிந்துவைத்திருக்கிறார்கள் என்றால், எழுதுகிறவர் தெரியாத மாதிரி எழுதுவது நியாயமில்லை. சாதியின் பெயரைப் பக்கத்தில் எழுதுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் உங்கள் கதையில் ஒவ்வொரு பிள்ளையும் எந்தத் தெரு, அந்தத் தெருவிலிருந்து வருகிறவருக்கு எந்த வீட்டில் எதுவரை இடம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காதல் வந்தபிறகு ஊர் காட்டுகிற முகத்தை, நட்புக் காலத்தில் ஒரு தம்ளரில் முன்கூட்டியே காட்டிவிடலாம். வாசகர் அதை மறக்க மாட்டார்.

காதல் தொடங்குகிற இடம்

அழகில் தொடங்க வேண்டாம். ஒருவரைப் பற்றித் தேவையே இல்லாமல் ஒன்று தெரிந்துவைத்திருப்பதில் தொடங்குங்கள். செல்வத்தின் சைக்கிளில் செயின் கவர் உரசுகிற சத்தம் ஜெயராணிக்குத் தெரியும். தெருமுனையில் அது கேட்டதும் பேனா ஒரு நொடி நிற்கும். தெரிந்துவைத்திருக்கிறோம் என்பதையே அவள் இன்னும் கவனித்திருக்க மாட்டாள். பேச்சி கவனித்துவிடுவாள்.

பிறகு, அவள் வாய்விட்டுச் சொல்கிற காட்சி. நாவலிலேயே அதிகம் உழைக்க வேண்டிய இடம் இது. காதலனிடம் சொல்வதை நான் சொல்லவில்லை, தோழியிடம் சொல்வதை. பலரும் இந்த இடத்தில் தோழியைத் துள்ளிக் குதிக்கவைத்து, "யாருடி அது?" என்று கிண்டல் செய்யவைத்து அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். நான் இப்படி எழுதுவேன்:

ஜெயராணி சொல்லி முடித்தாள். பேச்சி ஸ்கேலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
"கேக்குதா புள்ள?"
"கேக்குது."
"ஒன்னும் சொல்ல மாட்டேங்க."
"நாளைக்கு ரெக்கார்டு சப்மிட் பண்ணனும். உன்னோடத எடு, வரைஞ்சிருவோம்."
"நான் என்ன சொல்லிட்டு இருக்கேன், நீ என்ன..."
"ஏழே கால் பஸ்ஸ விட்டுட்டு நிப்ப. எடு."

பேச்சி ஏன் இப்படிப் பேசுகிறாள்? எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், வாசகருக்கு இப்போது தெரிய வேண்டியதில்லை. பிளஸ் டூ முடிந்ததும் மாமன் மகனுக்குக் கட்டிவைக்க வீட்டில் பேச்சு நடக்கிறது. அதை இன்றைக்கு டியூஷன் முடிந்து ஜெயராணியிடம் சொல்லலாம் என்று காலையிலிருந்து வைத்திருந்தாள். ஜெயராணி முந்திக்கொண்டாள். இனி சொல்ல முடியாது. இப்படி இரண்டு செய்திகள் ஒரே நேரத்தில் வந்து மோதி, ஒன்று வெளியே வராமல் போனால், அந்தக் காட்சி பின்னால் வருகிற நூறு பக்கத்துக்குத் தாங்கும்.

தோழியும் அதே பையனை விரும்பினாள் என்று வைக்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வைக்காதீர்கள் என்பேன். அப்படி வைத்ததும் அந்தப் பெண்ணின் வருத்தம் முழுவதும் பையனைச் சுற்றியதாகிவிடுகிறது. பேச்சிக்குச் செல்வம் மேல் ஒன்றுமில்லை. அவளுக்கு நஷ்டமானது படிக்கட்டின் பத்து நிமிடம், டிபன் பாக்ஸ், தன் கல்யாணப் பேச்சைக் கேட்க ஒரு ஆள். இது பெரிய நஷ்டம்.

பையன்களை எழுதும்போது

பையன்களின் நட்பில் முக்கியமான பேச்சு நேராக வராது. வசவாக வரும், ஹாக்கி மட்டையைப் பிடுங்குவதாக வரும், டீக்கடையில் காசைத் தானே கொடுத்துவிடுவதாக வரும். அதை அப்படியே விடுங்கள். ஆனால் நாவலில் ஒரே ஒரு முறை ஒருவன் இன்னொருவனிடம் கூச்சத்தை விட்டு ஒரு நேர்க்கேள்வி கேட்கட்டும்.

காதல் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆறு மாதம் அவள் பின்னாலேயே போனான், பஸ் ஸ்டாண்டில் நின்றான், கடைசியில் அவள் சிரித்தாள் என்று வருகிற கைப்பிரதிகளைத் திருப்பிக் கொடுத்து, அதே ஆறு மாதத்தை அவள் பக்கத்திலிருந்து ஒரு அத்தியாயம் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். வழியை மாற்றிப் போனாளா? வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லாமல் இருந்தாளா? அது பயம். எழுதிவிட்டு வந்த பையன்கள் பலர் கதையையே மாற்றிவிட்டார்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை எழுதுகிறோம் என்பது நினைவில் இருக்கட்டும். உடலை வர்ணிக்கிற எழுத்து இங்கே வேண்டாம். கையெழுத்து, குரல், நோட்டைத் திருப்பிக் கொடுக்கையில் அதற்குப் போட்ட புது அட்டை, இவையே போதும். 2012இல், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டம் வந்தபிறகு நடக்கிற கதையில், வீட்டை விட்டுப் போகிற திருப்பத்துக்கு முன்னால் இன்னொன்றையும் யோசியுங்கள். பெண்ணுக்குப் பதினேழு என்றால் பெற்றோர் போலீஸுக்குப் போவார்கள். பையன்மேல் வழக்கு வரும். 1990இல் எழுதிய ஓட்டத்தை 2015க்குள் அப்படியே எடுத்துவைக்க முடியாது.

ஊர் எப்படி அறிகிறது

அலர், அதாவது காதலைப் பற்றிய ஊர்ப்பேச்சு, ஒரே நாளில் கிளம்புவதில்லை. யார் பார்த்தார், அவர் யாரிடம் சொன்னார், மூன்றாவது ஆள் அதில் என்ன சேர்த்தார், வீட்டுக்குள் எந்த வாய் வழியாக வந்தது என்று ஒரு தனித்தாளில் எழுதிவையுங்கள். நம் கதையில் ஜெராக்ஸ் கடைக்காரர், அவர் கடைக்கு வருகிற கண்டக்டர், கண்டக்டர் வழியாக ஜெயராணி ஊரில் ஒரு மதினி. மதினி வந்து ஒன்றும் சொல்வதில்லை. "பிள்ள இப்பல்லாம் கடைசி பஸ்ஸுலதான் வருது போல" என்று மட்டும் சொல்லிவிட்டு ஈயச்சட்டியை வாங்கிக்கொண்டு போவார்.

அதற்கப்புறம் ஜெயராணியின் அம்மா தேடிப் போகிற ஆள் பேச்சிதான். இந்தக் காட்சியில் பேச்சி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வில்லியாகச் சொல்லக்கூடாது. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து நேரே வந்த அம்மா, கை கழுவாமல், மருந்து வாசத்தோடு வாசலில் நிற்கிறார். "நீயும் என் பிள்ளதான். பொய் சொல்லாத" என்கிறார். பேச்சியிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. தன் கல்யாணப் பேச்சில்கூட அவள் அபிப்பிராயத்தை ஒருவரும் கேட்கவில்லை. அவள் சொல்கிறாள். அந்த இடத்தில் நாமும் சொல்லியிருப்போம் என்று வாசகருக்குத் தோன்றவேண்டும். தோன்றவில்லையென்றால், பேச்சியைப் பற்றி முன் அத்தியாயங்களில் போதுமான அளவு எழுதவில்லை என்று அர்த்தம்.

மறுநாளிலிருந்து ஜெயராணிக்கு டியூஷன் கிடையாது. பள்ளிக்கு அண்ணன் கொண்டுவந்து விடுவான். அவள் யார் சொன்னார்கள் என்று ஊகிப்பதை வேகமாக முடித்துவிடுங்கள். ஊகித்தபின் பேசாமல் இருப்பதற்குப் பக்கங்கள் கொடுங்கள்.

முடிவு

சாகடிக்காதீர்கள். கைப்பிரதிகளில் கிணறும் ரயில் தண்டவாளமும் அடிக்கடி வருகின்றன. உயிரோடு இருக்கிற பிள்ளை அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கு எப்படிப் போவாள் என்று எழுதுவதுதான் கடினம். அதை எழுதுங்கள். படிக்கிறவர்களில் அதே வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

காதல் முடிவதற்குப் பெரிய காரணம் தேவையில்லை. மே மாதம் ரிசல்ட், அப்புறம் கவுன்சலிங், செல்வம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வெளியூர்க் கல்லூரி. நேரப் பட்டியல் மாறிவிட்டது, வட்டமிட இடமில்லை. ஒரு அத்தியாயம் போதும். நட்பு முடிவதற்கோ திரும்பச் சேர்வதற்கோ நாலைந்து அத்தியாயம் வேண்டும். இரண்டையும் ஒரே காட்சியில் முடிக்க வேண்டாம். பேச்சியின் கல்யாணத்துக்கு ஜெயராணி போகிறாளா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். போனால் மன்னிப்புக் கேட்கிற வசனம் வேண்டாம். பந்தியில் யார் யாருக்குப் பரிமாறினார் என்று எழுதினால் போதும்.

முதல் படி எழுதி முடித்ததும் இரண்டு வாரம் தள்ளிவைத்துவிட்டு, சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள். தோழி பேசுகிற வரிகளில் "அப்புறம் என்னாச்சு?", "அவன் என்ன சொன்னான்?" போன்றவற்றை எல்லாம் கோடிடுங்கள். அடுத்தவர் காதலை நகர்த்துவதற்காக மட்டும் அவள் வாய் திறந்த இடங்கள் அவை. ஒவ்வொன்றிலும் அவள் வீட்டிலிருந்து, அவள் நாளிலிருந்து ஒன்றைப் பேசவிடுங்கள்: கடையில் அப்பா கையில் பாகு பட்டுக் கொப்பளித்தது, தம்பிக்குச் சட்டை எடுக்கவேண்டியது, ரெக்கார்டுக்குப் பென்சில் தீர்ந்தது. பிறகு பேச்சி தனியாக வருகிற, ஜெயராணியின் பெயரே அடிபடாத ஒரு அத்தியாயம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், இரண்டாம் படியைத் தொடங்கும் முன் அந்த அத்தியாயத்தை எழுதிவிடுங்கள்.